ஐந்தே முக்கால் ஒலிபரப்பு

சவுரியம்மாளுக்கு ஒரே திங்கட்கிழமையில் இரண்டு வேலைகள் வந்து சேர்ந்தன. திண்டிவனத்து அருணோதய ஒலி வானொலிக்கு ஐம்பது வயது நிறைகிறது. பொன்விழா மலருக்காக நிலையத்தின் வரலாற்றை இரண்டு பக்கத்தில் எழுதித் தர வேண்டும். இது ஒன்று. காலை ஐந்தே முக்கால் நிகழ்ச்சி அடுத்த மாதத்தோடு நிறுத்தப்படுகிறது என்ற அறிவிப்பைத் தன் குரலிலேயே பதிவு செய்து தர வேண்டும். இது இன்னொன்று. இரண்டையும் சொன்னவர் ஒருவரே. சென்னை அலுவலகத்திலிருந்து காரில் வந்து, கொடுத்த டீயை மரியாதைக்குப் பாதி குடித்துவிட்டு உட்கார்ந்திருந்த பிரவீன்குமார். முப்பத்தைந்து வயதிருக்கும். நல்ல பிள்ளை. கெட்ட சேதி சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறவர்.

"தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டர். விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி எல்லாம் சேர்த்து இருநூத்துப் பதினாலு நேயர்தான் இருக்காங்க. ஐந்நூறு பேராவது இருந்தா நான் கமிட்டியில பேசுவேன். இருநூறு பேருக்காக இன்னொரு நாட்டு டவர்ல தினம் கால் மணி நேரம் எடுக்க முடியாது."

"எப்பிடி எண்ணினீங்க பிரதர்?"

"மிஸ்டு கால் வெச்சுத்தான். தொண்ணூறு நாளா சிஸ்டம் எண்ணுது. நேயர்கள் எங்கேயும் போயிட மாட்டாங்க சிஸ்டர். எல்லாரும் நம்ம ஆப்ல கேட்கலாம்."

"அந்த ஆப் பட்டன் போன்ல வருமா?"

பிரவீன்குமார் மீதி டீயையும் குடித்தார்.

"அறிவிப்பு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள்ள கையில வேணும்" என்று எழுந்தார். "மூணு வாரம் முன்னாடி அனுப்பணும்ல."

அந்த மூன்று வாரக் கணக்கு சவுரியம்மாளுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வானொலி நிலையம் என்று வாசல் பலகை சொன்னாலும் திண்டிவனத்தில் கோபுரம் கிடையாது. எழுபத்து நான்கில் ஒரு போதகரும் ஒரு தலைமை ஆசிரியரும் பழைய மிஷன் பங்களாவின் பின்கட்டில், சுவரில் இலவம்பஞ்சு மெத்தைகளை ஆணியடித்துத் தொங்கவிட்டு ஆரம்பித்தது. இங்கே பேசிப் பதிவு செய்வார்கள். நாடா சென்னைக்குப் போகும். அங்கிருந்து கடல் தாண்டி இன்னொரு நாட்டுக்குப் போய், அந்த நாட்டுக் கோபுரத்தில் ஏறி, மத்திய அலையில் விழுப்புரத்துக் கழனிகளுக்குத் திரும்பி வரும். இப்போது நாடா இல்லை, கம்ப்யூட்டரில் அனுப்புகிறார்கள். ஆனாலும் மூன்று வாரம் முன்னதாக அனுப்பும் வழக்கம் மட்டும் மாறவில்லை. ஒரு சமயம் செஞ்சிப் பக்கத்து ஆள் ஒருவருக்கு விஷக் காய்ச்சல் என்று கடிதம் வந்தது. அவருக்காகப் பேர் சொல்லி ஜெபித்தது வானொலியில் வந்தபோது அவர் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார். ஊரே அவரைப் பிடித்து உட்கார வைத்து, படுத்துக்கொள்ளச் சொல்லிக் கேலி செய்ததாக அவரே எழுதியிருந்தார்.

சவுரியம்மாள் இங்கே வந்தது தொண்ணூற்று மூன்றில். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்தில் கூலி வேலை செய்த சவுரிராயனின் மூத்த மகள். பன்னிரண்டாவது முடித்து டைப்ரைட்டிங் படித்துவிட்டு, கடிதம் பிரிக்கும் வேலைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு வந்தாள். பேட்டி எடுத்த போதகர் அவள் பெயரைப் பார்த்துவிட்டு, "நீ ஆர்.சி. கோயில் பொண்ணாச்சே, இது வேற சபையாச்சேம்மா" என்றார். "கடுதாசி வெட்டற கத்திரிக்கோல் எந்தச் சபைங்க ஐயா?" என்று கேட்டாள். மறுநாளே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

அன்றைக்குக் கடிதங்கள் சாக்கில் வந்தன. ஓரம் வெட்டி, எண் போட்டு, பேரேட்டில் பெயர் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் கையால் பதில் எழுத வேண்டும். எருமை சினை பிடிக்கவில்லை, மாமியார் சோறு போடவில்லை, மகன் பத்தாவதில் இரண்டாம் முறையும் தவறிவிட்டான். வேத வசனத்தில் சந்தேகம் கேட்டு எழுதியவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர். மற்றவர்களெல்லாம் பேச ஆளில்லாமல் எழுதியவர்கள். பாதிக் கடிதங்கள் கிறிஸ்தவர்களுடையவையே அல்ல. அவள் எல்லாருக்கும் எழுதினாள்.

தொண்ணூற்று எட்டில் ஒரு நாள் அறிவிப்பாளர் வரவில்லை. நாடா அன்று மாலை பஸ்ஸில் போயாக வேண்டும். ஒலிப்பதிவு செய்கிற கோதண்டபாணி அவளைக் கையைப் பிடிக்காத குறையாக இழுத்து மைக் முன்னால் உட்கார வைத்தார். கடிதங்களைப் படித்தாள். படித்ததோடு விடாமல், எழுதியவள் எதிரில் நிற்கிறவள் மாதிரி அவளோடு பேசினாள். ஏட்டுத் தமிழில் பேசவில்லை என்று கமிட்டியில் இரண்டு பேர் குறைபட்டார்கள். அந்த வாரம் வழக்கத்தைப் போல மூன்று மடங்கு கடிதம் வந்தது. இருபத்தாறு வருஷமாக அவள்தான் பேசுகிறாள். சம்பளப் பட்டியலில் மட்டும் இன்றைக்கும் 'கடிதப் பிரிவு'.

வரலாற்றை அன்று சாயந்திரமே இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்பிவிட்டாள். அறிவிப்பை எழுதக் கை போகவில்லை.

மறுநாள் கோதண்டபாணியிடம், "அந்த மிஷின் எண்ணின நம்பர் எல்லாத்தையும் எனக்குப் பேப்பர்ல போட்டுக் குடுங்க" என்றாள்.

கோதண்டபாணி நெற்றி நிறைய விபூதியோடு முப்பது வருஷமாக இந்த நிலையத்தில் ஜெபங்களை ஒலிப்பதிவு செய்கிறவர். "தொண்ணூறு நாளு லிஸ்டு. பேப்பர் முடிஞ்சிபோச்சுன்னா உங்க பிரதர் என்னத்தான் கேப்பாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே அச்சடித்துக் கொடுத்தார்.

சவுரியம்மாள் பென்சிலை எடுத்துக்கொண்டு, கடிதம் படிப்பது மாதிரி வரிவரியாகப் படித்தாள். காலை ஆறு மணிக்கு நிகழ்ச்சி முடிந்ததும் மிஸ்டு கால்கள் வரத் தொடங்குகின்றன. பல வரிகள் சிவப்பில் இருந்தன. ஒரே எண்ணிலிருந்து திரும்பத் திரும்ப வந்தவை. கம்ப்யூட்டர் அவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிட்டிருந்தது. நாற்பத்தொன்று என்று முடியும் ஒரு எண் ஒரே நாளில் முப்பத்தொரு முறை அழைத்திருந்தது.

சென்னைக்குப் போன் போட்டாள். "அது யாரோ விளையாடறாங்க சிஸ்டர். அதெல்லாம் கணக்குல வராது" என்றார் பிரவீன்குமார்.

போனை வைத்துவிட்டுப் பக்கங்களைப் புரட்டினாள். திங்கள் முப்பத்தொன்று. செவ்வாய் முப்பது. புதன் முப்பத்தொன்று. வியாழன் இருபத்தொன்பது. ஞாயிறு ஒன்றுமில்லை. எல்லா வாரமும் இப்படித்தான்.

கோதண்டபாணி தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "வெளாடறவன் ஞாயித்துக்கெழம லீவு போடுவானா சவுரிம்மா?"

"ஸ்கூலு அட்டண்டன்ஸ் மாதிரி இருக்குதுங்க. ஒருத்தரு ரெண்டு பேரு வராத நாள்ல கொறையுது."

இப்படித் திரும்பத் திரும்ப அழைத்த எண்கள் பதினொன்று இருந்தன. அவற்றில் பெரியது இந்த நாற்பத்தொன்றுதான். அந்த எண்ணுக்கு அவளே அழைத்தாள். ஒரு பெண் குரல் எடுத்தது. எந்த ஊர் என்றதற்கு, "திருவெண்ணெய்நல்லூர் பக்கம். நீ யாரு?" என்றது. "உங்க பேரு என்னம்மா? உங்க போன்லேருந்து எத்தினி பேரு…" என்று இவள் முடிப்பதற்குள் வைத்துவிட்டது. அதன்பிறகு எத்தனை முறை அழைத்தாலும் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பையில் ஒரு மாற்றுப் புடவையும் அந்தக் காகிதக் கட்டும் வைத்துக்கொண்டு அவள் கிளம்பியபோது, வாசலில் ஷேர் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த கணவர் தேவா நிமிர்ந்து பார்த்தார்.

"ரிட்டயர்டு ஆவ ரெண்டு வருசம்தான கீது? அவங்களா நிறுத்தினா, போதும் சாமின்னு வூட்ல குந்துவியா, அத்த வுட்டுட்டு ஏன் இந்தப் பேஜாரு?"

"குந்தறதா வேணாமான்னு நான் சொல்லிக்கறேன். பஸ் ஸ்டாண்டுல எறக்கி வுடுங்க."

"சவாரி காசு?"

"இருபத்தெட்டு வருசம் சோறு போட்டிருக்கேன். அதுல கழிச்சிக்கோங்க."

தேவா சிரித்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

விழுப்புரத்தில் பஸ் மாறித் திருவெண்ணெய்நல்லூரில் இறங்கும்போது வெயில் தாழ்ந்திருந்தது. டீக்கடையில் விசாரித்தாள். காலையில் கூட்டமாக வேலைக்குப் போகிறவர்கள், ரேடியோ கேட்கிறவர்கள் யாராவது உண்டா?

"ரேடியோ பாடிக்கினு போற டிராக்டரா? அது பாஞ்சாலி செட்டு" என்றார் டீக்கடைக்காரர். "கரும்புத் தோட்டத்துக்குக் காஞ்ச சோகை உரிக்கப் போவாங்க. அஞ்சரைக்குப் பிள்ளையார் கோயிலாண்ட நிக்கும். அந்தம்மாகிட்ட பாத்துப் பேசுங்க."

இரவு தங்கை கவிதா வீட்டில் தங்கிவிட்டு, சனிக்கிழமை ஐந்தரைக்குப் பிள்ளையார் கோயிலருகில் போய் நின்றாள். டிராக்டரின் டிரெய்லர் நிறையப் பெண்கள். பழைய முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டு, தலையில் துண்டு கட்டி, மடியில் தூக்குச்சட்டியோடு நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் குமரேசன் இருக்கைக்குப் பின்னால் ஒரு ரேடியோவைச் சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டியிருந்தார்.

"எங்க போவணும்?" என்று கேட்டவள்தான் பாஞ்சாலி என்பது கேட்ட விதத்திலேயே தெரிந்தது. நாற்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் கயிற்றில் கட்டிய பட்டன் போன் தொங்கியது.

"நீங்க போற எடத்துக்குத்தான்."

"வேலைக்கா? இந்தப் புடவையிலயா?" என்றாள் பாஞ்சாலி. ஆனாலும் கையைக் கொடுத்து ஏற்றிக்கொண்டாள்.

வண்டி நகர்ந்தது. ரேடியோ கரகரத்து, தெளிந்தது. "என்னா, எல்லாரும் எழுந்தாச்சா? அக்காதான் பேசறேன்" என்றது.

"எழுந்தாச்சுக்கா" என்று முப்பது குரல்கள் ஒன்றாகச் சொன்னன.

சவுரியம்மாள் டிரெய்லரின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இருபத்தாறு வருஷமாக அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு இரண்டு நொடி நிறுத்துவாள். அந்த இரண்டு நொடியில் யாராவது பதில் சொல்வார்கள் என்று அவள் நினைத்ததே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னப் பெண்ணிடம், "நான்தாம்மா பேசறது" என்று சொல்லிவிட்டாள்.

அந்தப் பெண், இளவரசி என்று பெயர், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏங்க, இவங்கதான் அக்காவாம்."

"அக்கா அங்க ரேடியோல கீது. வாய மூடிக்கினு எப்பிடிப் பேசுவ நீ? வயித்தாலயா?" என்றாள் பாஞ்சாலி. டிரெய்லரே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அவள் முகம் மாறியது. "இரு. போன் பண்ணிப் பேரு கேட்டது நீதான? மூணு வருசம் முன்னாடி இப்பிடித்தான் ஒரு அம்மா வந்து வூடு கட்டித் தர்றாங்கன்னு பேரெல்லாம் எழுதிக்கினு போச்சு. அந்தம்மாவும் வர்ல, வூடும் வர்ல. பேசாம இரு, நாங்க கேக்கணும்."

வேறு யாராயிருந்தாலும் அங்கேயே இறங்கியிருப்பார்கள். சவுரியம்மாள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். மூன்று வாரம் முன்பு தான் பேசியது முழுவதும் ஞாபகத்தில் இருந்தது.

"இப்ப ரெண்டு தடவ இருமுவாங்க பாருங்க" என்றாள்.

ரேடியோ இரண்டு தடவை இருமியது.

"அடுத்தது மேல்மலையனூர்லேருந்து ஒரு கடுதாசி. மருமக எழுதினது. கறவ மாட்ட வித்துட்டாங்கன்னு."

ரேடியோ மேல்மலையனூர்க் கடிதத்தைப் பிரித்தது. மாட்டை விற்றுவிட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஒரு கிழவி சவுரியம்மாளின் வாயையும் ரேடியோவையும் மாறிமாறிப் பார்த்தாள். கரும்புக் கொல்லைகள் இரண்டு பக்கமும் வெளுக்கத் தொடங்கியிருந்தன. கால் மணி நேரம் முடிந்தது. கடைசியில் ரேடியோவில் அவள் குரல் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னது: "கேட்டவங்க எல்லாரும் ஒரு மிஸ்டு கால் குடுங்க. நான் பாத்துக்கினே இருக்கேன்."

பாஞ்சாலி கழுத்துக் கயிற்றிலிருந்து போனைக் கழற்றினாள். பொத்தானை அழுத்தவில்லை.

"நீங்க இங்க கீறீங்க" என்றாள். மரியாதை வந்திருந்தது, ஆனால் குரலில் சூடும் வந்திருந்தது. "அப்ப அங்க யாரு பாத்துக்கினு இருக்கறாங்க?"

"இது மூணு வாரம் முன்னாடி பேசிப் பதிஞ்சது. போன்ல யாரும் இருக்கறதில்ல. மிஷின் எண்ணுது."

"எங்கள எத்தினின்னு எண்ணிச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். "எல்லாருக்கும் சேத்து ஒண்ணு" என்றாள் சவுரியம்மாள்.

பாஞ்சாலி போனைத் தூக்கிக் காட்டினாள். "நூறு நாள் வேலையில ஒருத்தி கையெழுத்த இன்னொருத்தி போட்டா செல்லாது. அவ அவ வந்து அவ அவ போடணும். அப்பிடித்தான் இதையும் நெனச்சோம். ஒரே போனா இருந்தாலும் கை மாத்திக் கை மாத்தி, ஒவ்வொருத்தியும் பொத்தான அமுக்கிப் பேரச் சொல்லித்தான் குடுத்தோம். லைன் கட்டாயிரும், இருந்தாலும் சொல்லுவோம், அக்கா கேக்குதுன்னு. ஒருத்தி வரலேன்னா அவளுது குடுக்க மாட்டோம். ஆறு வருசமா. நீங்க என்னான்னா ஒண்ணுன்றீங்க."

அவள் போனைத் திரும்பக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அன்றைக்கு நாற்பத்தொன்றில் முடியும் எண்ணிலிருந்து ஒரு அழைப்பும் போகவில்லை.

நேயர்களைத் தேடி வந்தவள் இருந்த நேயர்களையும் இழந்துவிட்டாள். தோட்டத்தில் எல்லாரும் இறங்கினார்கள். குமரேசன், "நான் திரும்பத்தான் போறேன், பஸ் ஸ்டாப்புல உட்டுடட்டுமா?" என்றார். வேண்டாம் என்றாள். புடவைத் தலைப்பைத் தலையில் சுற்றிக்கொண்டு, கொசுவத்தைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, ஆள் இல்லாத ஒரு வரிசையில் இறங்கிக் காய்ந்த சோகையை உரிக்க ஆரம்பித்தாள். பத்தாவது படிக்கும் வரை லீவு நாளெல்லாம் அப்பாவோடு செய்த வேலைதான். கை மறக்கவில்லை. தோல்தான் மறந்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் முழங்கைவரை கீறல். இலையின் பொடிச் சுனைமுள் ஏறி அரித்தது. யாரும் அவளோடு பேசவில்லை. யாரும் போகச் சொல்லவும் இல்லை.

பத்து மணிக்குக் கேப்பைக் கூழைத் திறந்தபோது இளவரசிதான் தன் மூடியில் கொஞ்சம் ஊற்றி அவள் பக்கம் தள்ளினாள்.

சவுரியம்மாள் குடித்துவிட்டுச் சொன்னாள். "நான் பாத்துக்கினே இருக்கேன்னு சொன்னது தப்பு. அது மொதல்ல யாரோ எழுதிக் குடுத்தது, நானும் யோசிக்காம சொல்லிக்கினே இருந்துட்டேன். திங்கக்கெழமலேருந்து தெனம் ஆறு மணிக்கு நான் ஆபீசுல இருப்பேன். இது என் சொந்த நம்பரு. இதுக்குப் பண்ணுங்க. நான் எடுப்பேன். பேரச் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"எழுதி?"

"உங்க பேரக் காட்டலேன்னா நிகழ்ச்சிய நிறுத்திடுவாங்க. ஐந்நூறு பேரு வேணுமாம். வெள்ளிக்கெழம வரைக்கும் டயம். வேற ஒண்ணும் இல்ல. வூடும் இல்ல, மாடும் இல்ல."

"நீங்க எடுக்கலேன்னா?" என்றாள் பாஞ்சாலி.

"எடுக்கலேன்னா மறுநாள் பண்ணாதீங்க."

பாஞ்சாலி தூக்குச்சட்டியைக் கழுவி ஊற்றினாள். "பாப்போம்" என்றாள். அந்த ஒரு சொல்லோடுதான் சவுரியம்மாள் திண்டிவனம் திரும்பினாள்.

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு அவள் நிலையத்தின் கதவைத் திறக்கச் சொன்னபோது கோதண்டபாணி பல் தேய்க்காமல் வந்திருந்தார். மேசையில் கடிதங்களுக்கான பழைய பேரேட்டின் காலிப் பக்கங்களைத் திறந்து வைத்தாள். ஆறு மணி ஆயிற்று. ஆறு ஐந்து. ஆறு பத்து. பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். ஆறு பன்னிரண்டுக்கு மணி அடித்தது.

"அக்காவா?"

"நான்தான்."

டிராக்டர் சத்தத்துக்கு மேலே குரல் உயர்ந்தது. "பாஞ்சாலி. வந்துட்டேன், எழுதிக்குங்க." பிறகு போனுக்கு வெளியே, "ஏண்டி, மெய்யாலுமே எடுத்துட்டாங்க. இந்தா, ஜல்தி."

அடுத்தது இளவரசி. அடுத்தது கிருஷ்ணவேணி. ஒரே அழைப்பில் எல்லாருமே பேசிவிடலாம் என்று சவுரியம்மாள் சொல்லிப் பார்த்தாள். அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொருத்தியும் வைத்துவிட்டுத் தன் கையால் மறுபடி அழுத்தினால்தான் அது அவளுடையது. முப்பது பேர். "அம்சாவுக்கு ஜொரம். அவ பேர எழுதிடாதீங்க" என்று கடைசியில் பாஞ்சாலியே எச்சரித்தாள்.

மீதிப் பத்து எண்களுக்கும் அன்றே உட்கார்ந்தாள். இந்தமுறை எடுத்தவுடன் பெயர் கேட்கவில்லை. "என்னா, எழுந்தாச்சா? அக்காதான் பேசறேன்" என்று ஆரம்பித்தாள். சிலர் அந்தக் குரலைக் கேட்டதும் நம்பினார்கள். நம்பாதவர்களைத் தேடி பஸ் ஏறினாள். மயிலம் சாலையில் ஒரு செங்கல் சூளை. மரக்காணத்துப் பக்கம் உப்பு வாருகிறவர்கள். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உடைக்கிற ஆலைக்குப் போகும் ஒரு வேன். எல்லா இடத்திலும் ஒரே கதைதான்: ஒரு ரேடியோ, ஒரு போன், வரிசையாகக் கைகள்.

மேல்மலையனூரில் மட்டும் வேறு. அந்த எண் பூசைப் பொருள் விற்கும் மாரியப்பனுடையது. "அம்மா, நல்லவேளை வந்தீங்க" என்றார் அவர். "எப்பவோ ஒரு தபா அமாவாசக் கூட்டத்துல எவனோ என் போன வாங்கி உங்களுக்குப் பண்ணான். அதுலேருந்து இந்தப் பொத்தான் சிக்கிக்கிச்சு. பாக்கெட்டுல போட்டாலே உங்களுக்குத்தான் போவுது. நான் அங்காளம்மனைக் கும்பிடறவன், உங்க நம்பர் என்ன வுடமாட்டேங்குது." சவுரியம்மாள் அந்த எண்ணைப் பட்டியலிலிருந்து முழுவதுமாக அடித்துவிட்டாள். இன்னொரு எண் கடைசிவரை எடுக்கவே இல்லை. அதையும் அடித்துவிட்டாள்.

வியாழக்கிழமை மாலை, மிஷின் எண்ணிய மற்ற எண்களோடு இந்தப் பெயர்களையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தாள். நானூற்று எண்பத்தாறு.

கோதண்டபாணி காகிதத்தைப் பார்த்தார். "பதினாலுதான் கொறையுது. அந்த மாரியப்பன் ஒரு நாளைக்கு இருவது தபா பண்றான். அத்த சேத்துக்கினா ஐந்நூறு தாண்டிடும்."

"தப்பா எண்ணிட்டாங்கன்னுதான நான் சண்ட போடப் போறேன்? நானே தப்பா எண்ணினா?"

அவர் மைக்கைத் துடைத்து வைத்தார். "அப்ப அந்த அறிவிப்பு?"

"ஒண்ணு பதியணும்தான். வாங்க" என்று அவள் ஒலிப்பதிவு அறைக்குள் போனாள்.

வெள்ளிக்கிழமை பிரவீன்குமாரைக் காலை ஐந்தே முக்காலுக்கே வரச் சொல்லியிருந்தாள். முந்தின நாளே வந்து லாட்ஜில் தங்கியிருந்த அவர், தூக்கக் கலக்கத்தோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் பட்டியலை நீட்டினாள்.

"நானூத்து எண்பத்தாறு. பதினாலு பேர் கொறையுது பிரதர். கூட்டிச் சொல்ல மாட்டேன்."

அவர் பக்கங்களைப் புரட்டினார். "எல்லாம் உங்க கையெழுத்துல இருக்கு சிஸ்டர். நான் உங்கள நம்பறேன். ஆனா கமிட்டியில, யாரு சரிபார்த்தாங்கன்னு கேட்டா?"

"நீங்கதான் சரிபாக்கப் போறீங்க. உங்க போன எடுத்து வையுங்க. நேத்தே உங்க நம்பரையும் கோதண்டபாணி நம்பரையும் எல்லாருக்கும் குடுத்துட்டேன்."

ஆறு மணிக்கு மூன்று போன்களும் அடிக்க ஆரம்பித்தன. ஏழரை வரை நிற்கவில்லை. ஒருபக்கம் கோதண்டபாணி, "சொல்லுங்கம்மா… அக்கா இல்ல, நான் கோதண்டபாணி… ஆமா, அந்த இருமல வெட்டாம வுட்டது நான்தான்" என்று கத்திக்கொண்டிருந்தார். பிரவீன்குமார் முதல் அழைப்பை எடுத்து, "பிரைஸ் தி லார்ட், நேயர் தொடர்பு" என்றார்.

"யாரு நீ புதுசா?" என்றது ஒரு குரல்.

"பிரவீன்குமார்ம்மா. சென்னை ஆபீஸ்."

"சரி, எழுதிக்க. கிருஷ்ணவேணி. எழுதினியா? படிச்சிக் காட்டு."

அவர் படித்துக் காட்டினார். "ம்" என்று அந்தக் குரல் வைத்துவிட்டது. உடனே அடுத்த மணி. அதே எண். வேறு பெண். பத்தாவது பெயருக்கு அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். இருபதாவது பெயருக்கு மேல், 'பிரைஸ் தி லார்ட்' குறைந்து 'சொல்லுங்கம்மா' ஆகிவிட்டது. ஒருத்தி தன் மகளுக்கு வரன் அமையவில்லை என்று சொல்லத் தொடங்கியபோது, அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் அவளையே கேட்டார்.

ஏழரைக்கு அறை அமைதியானது. அவர் எழுதிய பக்கங்களைச் சவுரியம்மாளின் பட்டியலோடு வைத்துப் பார்த்தார். நேரம் எடுத்துப் பார்த்தார்.

"அறிவிப்புப் பதிவு பண்ணிட்டீங்களா சிஸ்டர்?"

"இல்லீங்க."

"இன்னிக்கு அனுப்பியாகணுமே. மூணு வாரம் கழிச்சு அந்த நேரத்துல என்ன போகும்?"

"வழக்கமான நிகழ்ச்சி போகும். பதிஞ்சி வெச்சிட்டேன்" என்றாள் அவள். கோதண்டபாணிக்குச் சைகை காட்ட, அவர் கடைசிப் பகுதியை மட்டும் ஓட்டினார். ஸ்பீக்கரில் அவள் குரல் வந்தது: "நான் இப்ப பேசறது மூணு வாரம் முன்னாடி பதிஞ்சது. அத்த உங்ககிட்ட இத்தினி நாளா சொல்லல. ஆனா ஆறு மணிக்கு நான் போனாண்டதான் இருக்கேன். கூப்புடுங்க, எடுப்பேன்."

பிரவீன்குமார் எழுந்து வெளியே போய், பங்களா மரத்தடியில் நின்று போனில் பேசினார். முதலில் கையைக் கட்டிக்கொண்டு பேசினார். பிறகு கையை ஆட்டிப் பேசினார். சவுரியம்மாள் ஜன்னல் பக்கம் பார்க்காமல் அன்றைய பெயர்களுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தாள். இருபது நிமிஷம் கழித்துத் திரும்பி வந்தார்.

"ஆறு மாசம் குடுத்திருக்காங்க சிஸ்டர். அதுக்கப்புறம் மறுபடி எண்ணணும். ஐந்நூறுக்குக் கொறைஞ்சா பேச்சு இல்லன்னுட்டாங்க."

"அந்த மிஷின் ஒரே நம்பரத் தள்ளுதே, அது?"

"மாத்தச் சொல்லிடறேன்."

"காலையில இன்னும் ஒரு ஆளு வேணும் போன் எடுக்க."

"அதுக்கு மட்டும் சம்மதிக்க மாட்டாங்க."

"சரி, அத நாங்களே பாத்துக்கறோம்" என்றாள். கோதண்டபாணி கூரையைப் பார்த்தார். அந்த 'நாங்க'ளில் தானும் இருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

பிரவீன்குமார் பேரேட்டை எடுத்துக்கொண்டு போக விரும்பினார். அவள் தரவில்லை. பக்கங்களைப் படமெடுத்துக்கொள்ளச் சொன்னாள். அவர் ஒவ்வொன்றாக எடுத்து முடிப்பதற்குள் அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்திருந்தாள். தேவாவின் ஆட்டோ நின்றிருந்தது.

"இன்னிக்கி எங்க?" என்றார் தேவா.

"விழுப்புரம் பஸ்ஸுக்கு வுடுங்க. அங்கேருந்து திருவாமாத்தூர் போகணும். அங்க பால் ஊத்தற எடத்துல காலையில ரேடியோ பாடுதுன்னு ஒருத்தி சொன்னா. பதினாலு பேராவது இல்லாமலா போயிடுவாங்க?"